கூட்டம் கூடாத கடி

2023 நவம்பரில், சென்னை ராயபுரம் ஜி.ஏ. சாலையில் ஒரே ஒரு தெருநாய் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் 30 பேர் வரை கடித்துக் குதறியது பலருக்கும் நினைவிருக்கும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், கடைக்குப் போன பெண்கள், தெருவில் நின்றிருந்த முதியவர்கள் என்று எதிரில் வந்தவர்களையெல்லாம் அது கடித்தது. கடிபட்டவர்கள் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்த நாயை மக்கள் அடித்துக் கொன்றார்கள். பின்னர் அதன் உடலைச் சோதித்தபோது ரேபிஸ் இருந்தது உறுதியானது.

அந்தச் செய்தி வந்த வாரம் முழுவதும் எங்கள் பகுதியில் பிள்ளைகளைத் தனியாக டியூஷனுக்கு அனுப்பவே பெற்றோர் தயங்கினார்கள். அந்த அச்சம் இயல்பானதுதான். என்றாலும், குடியிருப்போர் நலச் சங்கத்தில் சில காலமாக நாய்த் தொல்லை பற்றிய புகார்களைக் கேட்டுவரும் எனக்கு, ஊரறிய நடக்கும் இத்தகைய கடியைவிட, யாரும் பார்க்காமல், யாரிடமும் சொல்லப்படாமல் போகும் சிறு கடிதான் அதிகக் கவலை தருகிறது. நடுத்தெருவில் பலரைக் கடித்த நாயால் காயம்பட்டவரை யாராவது ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே மருத்துவரும் காரணம் கேட்காமலே முழுச் சிகிச்சையையும் தொடங்கிவிடுவார். வீட்டுவாசலில் விளையாடிக்கொண்டிருந்த குட்டியின் பல் விரலில் பட்டதற்கோ, பிள்ளை திட்டுக்குப் பயந்து சட்டைக்குள் மறைத்துக்கொண்ட கீறலுக்கோ அப்படி யாரும் வருவதில்லை.

எண்களும் இதையே சொல்கின்றன. 2024ஆம் ஆண்டில் தமிழகத்தில் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். இந்தியா முழுவதற்கும் ஆண்டுக்கு 20,000 மரணங்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த கணக்கை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மைக்கால ஆய்வு ஏறத்தாழ 5,700 என்று குறைத்து மதிப்பிட்டிருக்கிறது. கடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதில் நாம் நிம்மதி அடையலாம். ஆனால் இறந்த ஒவ்வொருவரும் தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்திருக்கிறார் என்பதால், அவர்கள் சிகிச்சையின் எந்தப் படியில் தவறவிடப்பட்டார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அதற்கு இந்த நோய் உடலுக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. வெறிபிடித்த விலங்கின் எச்சிலில் இருக்கும் வைரஸ் காயத்தின் வழியே தசைக்குள் நுழைந்து, அங்கிருந்து நரம்பு முனைகளைப் பற்றிக்கொண்டு, நரம்பின் வழியாகவே மூளையை நோக்கி மெல்ல மேலேறுகிறது. இரத்தத்தில் பரவாமல் நரம்புக்குள் ஒளிந்து செல்வதால் உடலின் எதிர்ப்பாற்றல் அதைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை; அந்தக் கட்டத்தில் இரத்தப் பரிசோதனை செய்தும் எதையும் கண்டறிய முடியாது. கடித்ததிலிருந்து அறிகுறி தோன்றும்வரை வழக்கமாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம். முகம், தலை, கழுத்து ஆகிய இடங்களில் கடித்தால் மூளைக்குத் தூரம் குறைவு என்பதாலும், கைவிரல்களில் நரம்புகள் செறிந்திருப்பதாலும், அங்கே படும் கடிகளுக்கு அவகாசம் குறைவு. குழந்தைகளின் உயரத்துக்கு நாயின் வாய் நேராக முகத்துக்கு வருகிறது என்பதைப் பெற்றோர் மறக்கக்கூடாது.

மூளையை அடைந்த பிறகு செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. காய்ச்சல், தலைவலி, கடித்த இடத்தில் எரிச்சல் அல்லது மதமதப்பு என்று சாதாரணமாகத் தொடங்கி, பிறகு தண்ணீரைக் கண்டாலே தொண்டைத் தசைகள் இறுகி வலிக்கும் நிலைக்கும், மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டாலே உடல் துள்ளும் நிலைக்கும் நோயாளி போய்விடுகிறார். 'நாய் கடித்தவர் நாய்போலக் குரைப்பார்' என்று ஊர்களில் சொல்வது, இந்தத் தொண்டை இறுக்கத்தில் எழும் ஒலியைக் கேட்டுப் பயந்தவர்கள் உண்டாக்கிய கதை. வெறியாட்டமே இல்லாமல், கடிபட்ட இடத்தில் தொடங்கி மெல்லப் பரவும் தசைச் செயலிழப்பாக வரும் இன்னொரு வடிவமும் உண்டு. ஐந்தில் ஒருவருக்கு இப்படி வருகிறது என்கிறார்கள். கில்லன்-பாரே போன்ற வேறு நரம்பு நோய்களோடு இது எளிதில் குழப்பிக்கொள்ளப்படுவதால், ரேபிஸ் மரணங்களில் ஒரு பகுதி ரேபிஸ் என்றே பதிவாகாமல் போகிறது. அறிகுறி வந்த பிறகு உயிர் பிழைத்தவர்கள் உலக அளவிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம். அவர்களிலும் பலர் கடும் நரம்புப் பாதிப்புகளோடுதான் வாழ்ந்தார்கள்.

ஆகவே வைரஸ் மூளையை அடைவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்த நாட்கள்தாம் நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. அந்த வாய்ப்பின் முதற்பகுதிக்குக் காசே தேவையில்லை என்பதாலோ என்னவோ, அதற்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துச் சிதைத்துவிடுகிறது. எந்தச் சோப்பாக இருந்தாலும் சரி, துணி துவைக்கும் சோப்பாக இருந்தாலும் சரி. 15 நிமிடம் என்பது கேட்பதற்குச் சிறிது, குழாயடியில் அழும் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். அதனால்தான் பலர் இரண்டு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கழுவிய பிறகு போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினியைத் தடவலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மண்ணெண்ணெய், மஞ்சள் ஆகியவற்றைக் காயத்தில் அப்பும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. இவை வைரஸைக் கொல்வதில்லை. காயத்தைப் புண்ணாக்கி, வைரஸ் நரம்பைத் தொடுவதற்கு உதவியே செய்கின்றன. கட்டுப் போடுவதையும் தையல் போடுவதையும்கூட மருத்துவர்கள் இயன்றவரை தவிர்ப்பார்கள்.

அடுத்து ஊசி. எங்கள் தெருமுனையில் துணி இஸ்திரி போடும் பெண்மணி ஒருநாள் புறங்கையில் மஞ்சள் பூசியிருந்தார். என்னவென்று கேட்டேன். "சின்னக் குட்டிக்கா, வெளையாட்டுக்குப் பல்லு பட்டுருச்சு. அப்பவே போய் ஊசி போட்டுட்டேன்" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தால், பக்கத்துத் தெருக் கிளினிக் ஒன்றில் அவருக்குப் போட்டிருந்தது டி.டி. ஊசி. அது டெட்டனஸ் என்னும் இரணஜன்னிக்கான தடுப்பூசி; ரேபிஸுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காயம் என்றால் டி.டி. என்று பழகிய கிளினிக்குகளும், ஊசி என்றால் எல்லா நோய்க்கும் ஒன்றே என்று நம்பும் மக்களும் இருக்கும் நகரத்தில் இந்தக் குழப்பம் அரிதானதன்று. நாய் கடித்ததற்காக ஊசி போட்டுக்கொண்டவரிடம், அது 'ஏ.ஆர்.வி.' என்னும் ரேபிஸ் தடுப்பூசிதானா, அடுத்த ஊசிக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்களா என்ற இரண்டு கேள்விகளை நான் இப்போது தவறாமல் கேட்கிறேன். தேதி எழுதாத சீட்டு என்றால் அநேகமாக அது டி.டி.யாகத்தான் இருக்கும். அந்தப் பெண்மணி மறுநாளே அரசு மருத்துவமனைக்குப் போய் உரிய ஊசியைத் தொடங்கினார். கடித்துச் சில நாட்கள் கழிந்திருந்தாலும், அறிகுறி தோன்றாதவரை ஊசியைத் தொடங்குவதற்கு எந்த நாளும் காலம் கடந்த நாளாகிவிடாது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் நம் முந்தைய தலைமுறையிடமிருந்து வந்தது. அது கற்பனையும் அன்று. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உட்பட நாட்டின் பல கூடங்களில், ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து எடுத்த செம்பிள் வகைத் தடுப்பூசியைத்தான் பல பத்தாண்டுகள் தயாரித்தார்கள். அதை வயிற்றுத் தோலுக்கடியில் நாள்தோறும் போட வேண்டியிருந்தது. வலி ஒருபுறம் இருக்க, சிலருக்கு நரம்புப் பாதிப்பும் உண்டானது. 2004 இறுதியில் அந்தத் தடுப்பூசியின் உற்பத்தி இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இன்று போடப்படுவது செல் வளர்ப்பில் உருவாக்கப்படும் பாதுகாப்பான தடுப்பூசி. அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக இதைத் தோலுக்குள், இரு மேற்கைகளிலும் தலா 0.1 மில்லி லிட்டர் என்ற அளவில், முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு தவணையாகக் கட்டணமின்றிப் போடுகிறார்கள். தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் தசைக்குள், 14ஆம் நாளையும் சேர்த்து ஐந்து தவணை.

இந்தத் தவணைகளில் நகரத்தில் அடிக்கடி விட்டுப்போவது கடைசித் தவணை. காயம் ஆறிவிட்டது, நாயும் தெருவில் நன்றாகத்தான் திரிகிறது, இன்னொரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டுமா என்று எண்ணுகிறவரைக் குறை சொல்வது எளிது. கட்டடத் தொழிலாளி ஒருவர் நான்கு முறை அரைநாள் விடுப்பு எடுப்பது என்றால், அது அவருடைய வீட்டுச் செலவில் எவ்வளவு இடிக்கும் என்பதையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும். வட்டார நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை நேரத்திலும் இந்த ஊசி கிடைக்குமானால், விட்டுப்போகும் தவணைகள் கணிசமாகக் குறையும் என்பது என் எண்ணம்.

தடுப்பூசியைவிடவும் அதிகமாக விட்டுப்போவது இன்னொன்று. ஏ.ஆர்.வி. போட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. உடல் தானாகப் போதிய எதிர்ப்புப் புரதத்தை உருவாக்க ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் காவலாக நிற்பதற்குத்தான் ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் புரதம். அதைக் கையிலோ இடுப்பிலோ போட்டால் போதாது; காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளும் செலுத்த வேண்டும், வைரஸ் இருக்கும் இடம் அதுதான் என்பதால். குதிரையிடமிருந்து எடுப்பது, மனித இரத்தத்திலிருந்து எடுப்பது என்று இரண்டு வகை உண்டு. ஆய்வகத்தில் உருவாக்கப்படும் ஒற்றைப் படியாக்க (மோனோகுளோனல்) எதிர்ப்புப் புரதங்களும் இப்போது இந்தியாவிலேயே தயாராகின்றன. யாருக்கு இது தேவை என்பதற்காகக் கடியை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். காயமில்லாத தோலை நக்குவது மட்டும் முதல் வகை, அதற்கு ஊசி தேவையில்லை. இரத்தம் வராத கீறலும் மேலோட்டமான பல் பதிவும் இரண்டாம் வகை, அதற்கு ஏ.ஆர்.வி. மட்டும் போதும், தோல் கிழிந்து இரத்தம் வந்தால், அல்லது ஆறாத புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டால் அது மூன்றாம் வகை, அதற்கு இம்யூனோகுளோபுலினும் கட்டாயம். ஒரு துளி இரத்தம் எட்டிப்பார்த்தாலும் மூன்றாம் வகைதான் என்பதைப் படித்தவர்களே நம்ப மறுக்கிறார்கள். சிறிய சுகாதார நிலையங்கள் எல்லாவற்றிலும் இந்த மருந்து இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இல்லையென்றால், பெரிய அரசு மருத்துவமனைக்கு அன்றே போய்விட வேண்டும். முதல் ஏ.ஆர்.வி. போட்டு ஏழு நாட்களுக்குப் பிறகு இதைப் போடுவதில் பயனில்லை.

பத்து நாள் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெறிபிடித்த நாயின் எச்சிலில் வைரஸ் இருக்கும் காலத்துக்குள் அந்த நாய் நோயுற்று இறந்துவிடும் என்பதால், கடித்த நாயோ பூனையோ பத்து நாள் கழித்தும் நலமாக இருந்தால் கடிபட்டபோது அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று கொள்ளலாம். இது சரியான அறிவியல். ஆனால் இதை, 'பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம்' என்று மாற்றிப் புரிந்துகொண்டவர்கள் எங்கள் சங்கத்திலேயே பலர். ஊசியை உடனே தொடங்கிவிட்டு, கூடவே நாயையும் கவனிப்பதுதான் முறை. தெருநாயை யார் பத்து நாள் பின்தொடர்ந்து கவனிப்பார்கள்? மாநகராட்சி வண்டி பிடித்துப்போனாலும், வேறு தெருவுக்கு ஓடிப்போனாலும் கணக்கு அத்தோடு முடிந்தது.

இனி நாய்களின் பக்கம். நாய் என்றவுடன் எங்கள் சங்கக் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டுபோய் எங்காவது விடுங்கள் என்பார் ஒருவர். சோறு வைப்பதைத் தடுக்காதீர்கள் என்பார் இன்னொருவர். ரேபிஸ் என்ற சொல்லை இரு தரப்பும் தத்தம் வசதிக்குப் பயன்படுத்துவார்களே தவிர, இந்தத் தெருவில் எத்தனை நாய்களுக்கு இந்த ஆண்டு வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

சென்னை இந்த வாதத்தில் பழம்பெரும் நகரம். பல பத்தாண்டுகளாக நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த மாநகராட்சி, எண்ணிக்கை குறையாததைக் கண்டு, 1996இல் கருத்தடை முறைக்கு மாறியது; 2001இல் நாடு முழுவதற்கும் அதற்கான விதிகள் வந்தன; 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன. ஆனாலும் 2024இல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் ஏறத்தாழ 1.8 லட்சம். 2025 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் டெல்லியின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. அதே மாதம் 22இல், கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, ரேபிஸ் உள்ளவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று அதைத் திருத்தியது. பிறகு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை மீண்டும் அங்கே விடக்கூடாது என்றது. தொலைக்காட்சி விவாதங்கள் எல்லாம் இந்த உத்தரவுகளைச் சுற்றியே நடந்தன.

நீதிமன்றம் பேசுவது நாய்கள் எங்கே இருக்கலாம் என்பதைப் பற்றி. ரேபிஸ் நிற்பது வேறொரு கணக்கில்: ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டு, அதை ஆண்டுதோறும் தொடர்ந்தால், நாய்க்கு நாய் பரவும் சங்கிலி அறுந்துவிடுகிறது. கோவா இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2013இல் மிஷன் ரேபிஸ் அமைப்பு அங்கே பணியைத் தொடங்கியது; மாநில அரசும் சேர்ந்துகொண்டு, வலை வைத்தும் கையால் பிடித்தும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் நாய்களுக்கு ஊசி போடும் அளவுக்கு அது வளர்ந்தது; பள்ளி பள்ளியாகச் சென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்; நோயுற்ற நாயைப் பற்றிச் சொல்ல ஓர் அழைப்பு எண்ணும் இருந்தது. நாய்களிடையே ரேபிஸ் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது, 2018 முதல் சில ஆண்டுகள் மனித மரணமே இல்லை, 2021இல் அம்மாநிலம் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. தெருவில் நாய்கள் இல்லாமல் போனதால் கிடைத்த வெற்றியன்று அது.

கருத்தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அறுவைச் சிகிச்சை. நாயைப் பிடித்து, மையத்துக்குக் கொண்டுபோய், சில நாள் வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். பயன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். தடுப்பூசியைத் தெருவிலேயே ஒரு நிமிடத்தில் போட்டு, அடையாளச் சாயம் தடவி விட்டுவிடலாம். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சி தெருநாய்கள் அனைத்துக்கும் தடுப்பூசி போடும் பணியைத் தொடங்கியது சரியான திசையில் வைத்த அடி. ஆனால் அதை ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தினால், ஓராண்டுக்குள் பிறக்கும் குட்டிகளும் ஊசியின் வீரியம் குறைந்த நாய்களும் சேர்ந்து பழைய நிலையைக் கொண்டுவந்துவிடும். இந்தப் பணியில் மிகப் பெரிய உதவி யாரிடமிருந்து கிடைக்கும் தெரியுமா? அந்த இன்னொரு தரப்பினரிடமிருந்து, அதாவது சோறு வைப்பவர்களிடமிருந்து. வலையைக் கண்டால் தலைதெறிக்க ஓடும் நாய் அவர்கள் கூப்பிட்டால் வந்து நிற்கும். இதை நான் சொன்னபோது கூட்டத்தில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். இருந்தும், தடுப்பூசிக் குழு வரும் நாளில் அவர்களையும் உடன் இருக்கச் சொல்வது என்று முடிவாயிற்று.

இறைச்சிக் கடைக் கழிவைக் கால்வாய் ஓரத்தில் கொட்டுவது நிற்காதவரை நாய்க் கூட்டமும் அங்கிருந்து நகராது. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு நாய்களைப் பற்றித்தான் பேசாமல் விடுகிறோம். ஆசைக்கு வாங்கி, அலுத்ததும் தெருவில் விடப்பட்ட உயர்சாதி நாய்களை எங்கள் பகுதியிலேயே பார்க்கிறேன். வளர்ப்பு நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் காலத்தில் அடுத்தது, பிறகு ஆண்டுதோறும் ஒன்று, மாநகராட்சி உரிமம் என்ற இவ்வளவுதான் கேட்கப்படுவது. பூனைக்கும் இதே தடுப்பூசி உண்டு என்பது பூனை வளர்ப்பவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

உலக அளவில் ரேபிஸால் இறப்பவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நாயைச் சீண்டாதே என்று அவர்களுக்கு ஓயாமல் சொல்கிறோம்; கடித்தால் திட்டமாட்டோம், உடனே சொல் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் பேசப் போனபோது, நாய் கீறியதை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். முதலில் யாரும் அசையவில்லை. ஒரு சிறுமி கையைத் தூக்கியதும் பின்வரிசையிலிருந்து வரிசையாகக் கைகள் உயர்ந்தன. வகுப்பாசிரியை அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு, அன்று மாலையே பெற்றோர்களை அழைத்துப் பேசினார்.

நாயோடு அன்றாடம் புழங்குகிறவர்களுக்குக் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளும் முறையும் இருக்கிறது. நாய் பிடிப்பவர்கள், கால்நடை மருத்துவமனைப் பணியாளர்கள், தெருநாய்களுக்கு உணவு வைப்பவர்கள், குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள் ஆகியோருக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். முன்கூட்டியே முழுமையாகப் போட்டுக்கொண்டவர் பின்னர் கடிபட்டால், காயத்தைக் கழுவிவிட்டு முதல் நாளும் அதிலிருந்து மூன்றாம் நாளும் இரண்டு தவணை மட்டும் போட்டுக்கொண்டால் போதும். இம்யூனோகுளோபுலின் அவருக்குத் தேவைப்படாது. எங்கள் வார்டின் தூய்மைப் பணியாளர்களுக்கு இதை ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டு, சங்கத்தின் சார்பில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் மண்டல அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம்.